கம்பெனி மஞ்சக் கடுதாசி குடுத்துடுச்சு, என் சம்பளம்?

வாசகர் கேள்வி பதில்

போன மாசம் சம்பளம் நின்னுபோன ஒரு வாசகிக்கு ரெண்டே வரி பதில் எழுதினேன். அதுக்கப்புறம் வந்த லெட்டரும் வாட்ஸப்பும் பாதிக்கு மேல ஒரே விஷயம்தான், கம்பெனி திவால், முதலாளி போனை எடுக்கல, எங்க போய்க் கேக்கறது. அதனால இந்த மாசம் மாமியார் பிரச்சனை, முடி கொட்டற பிரச்சனை எல்லாத்தையும் ஓரமா வச்சுட்டு இது மட்டும்தான். கோச்சுக்காதீங்க.

*

கேள்வி: அக்கா வணக்கமுங்க. பனியன் கம்பெனில ஓவர்லாக் டெய்லரா 9 வருசமா இருந்தேன். நாலு மாசமா சனிக்கிழமை சம்பளத்தை பாதி பாதியா குடுத்தாங்க, அப்புறம் ஒருநாள் போய் நின்னா கேட்டு பூட்டியிருக்கு. இப்ப கேட்டுல ஒரு பேப்பர் ஒட்டியிருக்காங்க, என்.சி.எல்.டி.ன்னு போட்டு யாரோ ஒருத்தர் பேரும் மெயில் ஐடியும் இருக்கு. எனக்கு 68,000 ரூபா நிக்குதுங்க. சம்பள சிலிப்பு கெடையாது, பாதி பேங்குல வரும் பாதி கவர்ல வரும். பேங்க்காரன் எடுத்தது போக மிச்சம் இருந்தாத்தான் நமக்குன்னு சூப்பர்வைசர் சொல்றாரு. நெசமாங்க்கா?
- திருப்பூர் வாசகி

பதில்: நெசம் இல்ல தங்கச்சி. உங்க சூப்பர்வைசர் சொல்றது பழைய பயம். 2016-ல வந்த திவால் சட்டத்துல 53-வது பிரிவுன்னு ஒண்ணு இருக்கு, கம்பெனியை வித்து வர்ற காசை யார் யாருக்கு எந்த வரிசைல குடுக்கணும்னு அதுல எழுதி வச்சிருக்காங்க. முதல்ல இந்த நடவடிக்கைக்கு ஆன செலவு. அதுக்கு அடுத்த படியிலயே தொழிலாளியோட கடைசி 24 மாசப் பாக்கியும் அடமானம் வாங்கின பேங்க்கும் சரிசமமா நிக்கறாங்க, பேங்க் முன்னாடி நீங்க பின்னாடின்னு இல்ல. ஆனா சரிசமம்னா முழுசா கிடைக்கும்னு நினைச்சுடாதீங்க. செலவு போக கையில 4 கோடி இருக்கு, பேங்க்குக்கு 9 கோடி தரணும், தொழிலாளிங்க எல்லாருக்கும் சேத்து 1 கோடி தரணும்னு வைங்க, 10 கோடி கடனுக்கு 4 கோடி, அப்ப ரூபாய்க்கு 40 பைசா. உங்க 68,000-க்கு 27,200 வரும். பேங்க் நான் தனியா என் அடமானத்தை வித்துக்கறேன்னு போனாலும் தொழிலாளிங்க பங்கை எடுத்து வச்சுட்டுத்தான் போக முடியும், அதுக்கும் விதி இருக்கு.

சரி, இப்ப அந்த கேட்டுல ஒட்டின பேப்பர். என்.சி.எல்.டி.ன்னா தேசிய கம்பெனி சட்ட தீர்ப்பாயம், கம்பெனி திவால் கேஸ் எல்லாம் அங்கதான் நடக்கும். அதுல இருக்கற பேரு இடைக்கால தீர்வு நிபுணர், எல்லாரும் ஐ.ஆர்.பி.ன்னு சொல்வாங்க, இனிமே கம்பெனி சாவி அவர் கையிலதான், முதலாளி வீட்டு வாசல்ல போய் உக்காந்து பிரயோஜனம் இல்ல. அந்தப் பேப்பர்ல க்ளெய்ம், அதாவது எனக்கு இவ்வளவு பாக்கின்னு கேக்கற மனு, குடுக்க கடைசித் தேதின்னு ஒரு கட்டம் இருக்கும், அவரை நியமிச்ச நாள்லேர்ந்து 14 நாள்தான் குடுப்பாங்க, முதல்ல அதை போட்டோ எடுங்க. நீங்க குடுக்க வேண்டியது ஃபார்ம் டி, தொழிலாளி, ஊழியர்களுக்குன்னே இருக்கற ஃபார்ம். திவால் வாரியம் ஐ.பி.பி.ஐ. வெப்சைட்ல இருக்கு, பிரவுசிங் சென்டர்ல சொன்னா எடுத்துக் குடுப்பாங்க. மெயில்லயும் அனுப்பலாம், தபால்லயும் அனுப்பலாம், நேர்லயும் குடுக்கலாம். கோர்ட் ஃபீஸ் மாதிரி எதுவும் கிடையாது, வக்கீல் கட்டாயம் இல்ல. உங்களை மாதிரி நிறைய பேர் இருந்தா எல்லாருக்கும் சேத்து ஒரு பிரதிநிதியைப் போட்டு ஃபார்ம் ஈ-ல மொத்தமா குடுக்கலாம், பேரு, தொகை லிஸ்ட்டோட.

சிலிப்பு இல்லன்னு சொன்னீங்க. உங்க லெட்டர் கூட ஒரு காலண்டர் தாள் போட்டோவும் வச்சிருந்தீங்களே, தேதிக்குக் கீழ பென்சில்ல 1, 1½, 1½, 2ன்னு ஷிப்ட் கணக்கு, சனிக்கிழமை கட்டத்துல வந்த பணத்தை ஒரு ரவுண்டு போட்டு, பாக்கியை ஓரத்துல கூட்டி. அதைப் பாத்துட்டு கொஞ்ச நேரம் அப்படியே உக்காந்துட்டேன். கோயம்புத்தூர்ல எங்கப்பா வேலை பாத்த மில் மூடினப்ப, அவர் ஒரு ஹார்லிக்ஸ் டப்பால சுருட்டி சுருட்டி வச்சிருந்த சம்பளச் சீட்டாலதான் அவர் கணக்கு மட்டும் தகராறு இல்லாம முடிஞ்சுது, கூட வேலை பாத்தவங்க நிறைய பேர் அடுப்பு பத்த வச்சுட்டோம்னு கையைப் பிசைஞ்சாங்க. அந்தக் காலண்டரை கிழிச்சுடாதீங்க, அட்டையோட எடுத்து வைங்க. அது மட்டும் பத்தாது. பேங்க் ஸ்டேட்மென்ட்ல வந்த பாதிச் சம்பளம், ஈ.எஸ்.ஐ. கார்டு, பி.எஃப். பாஸ்புக், கம்பெனி ஐடி கார்டு, சம்பளம் எப்ப வரும்னு சூப்பர்வைசருக்கு அனுப்பின வாட்ஸப், எல்லாத்தையும் சேத்துக் குடுங்க. கவர்ல வந்த பாதிதான் கொஞ்சம் சிக்கல், கம்பெனி புஸ்தகத்துல அது ஏறியிருக்காது, ஐ.ஆர்.பி. புஸ்தகத்தை வச்சுத்தான் சரிபாப்பாரு. அதுக்காக க்ளெய்ம்ல குறைச்சுப் போடாதீங்க, முழுசா 68,000 போட்டு காலண்டரையும், கூட வேலை பாத்த நாலு பேர் கையெழுத்து போட்ட ஒரு லெட்டரையும் வைங்க.

*

கேள்வி: மேடம், ஓ.எம்.ஆர்.ல ஒரு ஸ்டார்ட்அப்ல டெஸ்டிங்ல இருந்தேன், மாசம் 62,000. மூணு மாசம் சம்பளம் வரல. அப்புறம் ஒருநாள் நைட்டு 11 மணிக்கு மெயில், இன்னியோட உங்க வேலை முடிஞ்சுதுன்னு. ஆஃபர் லெட்டர்ல 60 நாள் நோட்டீஸ்னு இருக்கு. ஹெச்.ஆர். கூப்பிட்டு ஒரு ரிசிக்னேஷன் லெட்டர் குடுத்துடுங்க அப்பதான் ஃபைல் மூவ் ஆகும்னு சொன்னாங்க, டீம்ல பாதிப் பேர் குடுத்துட்டாங்க, நான் இன்னும் குடுக்கல. இப்ப கம்பெனியை என்.சி.எல்.டி.ல அட்மிட் பண்ணிட்டாங்களாம். நோட்டீஸ் பே கேக்க முடியுமா இல்ல அது போனது போனதா?
- சோழிங்கநல்லூர் வாசகர்

பதில்: குடுக்கலையே, நல்லதாப் போச்சு தம்பி, குடுக்காதீங்க. ரிசைன் பண்ணினா நீங்களா போனதா ஆயிடும், அப்ப நோட்டீஸ் பே கேக்கற உரிமை உங்களுக்கு இல்ல, உல்டாவா நீங்கதான் 60 நாள் நோட்டீஸ் குடுக்காம போனீங்கன்னு உங்க பாக்கில கழிக்கவும் பாப்பாங்க. இப்படி ரிசிக்னேஷன் வாங்கறது எதுக்குன்னு அந்த ஹெச்.ஆர்.க்கு நல்லாவே தெரியும், அவங்களும் பாவம் சம்பளம் வராம இருக்கறவங்கதான், அது வேற. ஏற்கனவே குடுத்தவங்க எப்படி, யார் சொல்லி குடுத்தாங்கன்னு காட்டற சாட் இருந்தா க்ளெய்ம் கூட சேத்து வைக்கட்டும்.

உங்க கணக்கு ரெண்டு வரிதான். சம்பளம் 1,86,000. நோட்டீஸ் 60 நாளுக்கு 1,24,000. ஆக மொத்தம் 3,10,000, இதையே ஃபார்ம் டி-ல போடுங்க, சம்பளம் தனி வரி நோட்டீஸ் தனி வரின்னு. ஒரே தொகையா போட்டா ஒண்ணுல சந்தேகம் வந்தாலும் மொத்தமா நிறுத்தி வைப்பாங்க. ஆஃபர் லெட்டர்ல நோட்டீஸ் பத்தி ஒண்ணுமே எழுதாத கம்பெனில இருக்கறவங்களுக்கும் ஒரு வழி இருக்கு, தமிழ்நாடு கடைகள் நிறுவனங்கள் சட்டம் 1947-ல 41-வது பிரிவு, 6 மாசம் தொடர்ந்து வேலை பாத்தவரை தக்க காரணமும் ஒரு மாச நோட்டீஸும் இல்லாம, இல்லன்னா அதுக்கு பதில் சம்பளம் இல்லாம அனுப்பக் கூடாது. வேரியபிள் பே, பெர்ஃபார்மன்ஸ் போனஸ் எல்லாம் கம்பெனி இஷ்டம்னு லெட்டர்ல எழுதியிருந்தா அதுல பெருசா நம்பிக்கை வைக்காதீங்க.

இன்னொண்ணு, வரிசைல நீங்க எங்க நிக்கறீங்கன்னு தெரிஞ்சுக்கணும். திருப்பூர் தங்கச்சி தொழிலாளி, 24 மாசப் பாக்கியோட பேங்க் பக்கத்துல நிக்கறாங்க. தொழிலாளி இல்லாத ஊழியர்னா அதுக்கு அடுத்த படி, கடைசி 12 மாசப் பாக்கிதான் அந்தப் படில வரும், மீதி கீழ இறங்கிடும். மேனேஜர், நிர்வாக வேலைன்னா தொழிலாளி இல்ல. சூப்பர்வைசரா இருந்தா சம்பள வரம்பு உண்டு, பழைய தொழில் தகராறு சட்டத்துல மாசம் 10,000, 2025 நவம்பர் 21 அன்னிக்கு அமலுக்கு வந்த புது தொழில் உறவுச் சட்டத் தொகுப்புல 18,000. ஆனா டெக்னிக்கல் வேலை பாக்கறவர் தொழிலாளி கணக்குல வருவார்னு சட்டத்துலயே இருக்கு, சம்பளம் எவ்வளவுங்கறது அங்க பேச்சே இல்ல. உங்களுக்கு கீழ யாரும் இல்லாம, லீவு சாங்ஷன் பண்ற அதிகாரம் இல்லாம, வெறும் டெஸ்டிங் மட்டும்தான் பண்ணீங்கன்னா ஃபார்ம்ல தொழிலாளின்னே போட்டுப் பாருங்க. டெசிக்னேஷன்ல 'லீட்'னு போட்டிருக்கேன்னு பயப்படாதீங்க, பேரை விட என்ன வேலை பண்ணீங்கங்கறதுதான் பேசும்.

சாலரி வரலைன்னா 26ஏ.எஸ்.ங்கற உங்க வருமான வரிக் கணக்குத் தாளை எடுத்துப் பாருங்க, சில சமயம் உங்களுக்கு சம்பளம் குடுத்ததா காட்டி டி.டி.எஸ். கட்டியிருப்பாங்க, அதைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

உங்க கம்பெனி ஏற்கனவே அட்மிட் ஆயிடுச்சு, அதாவது திவால் கேஸை தீர்ப்பாயம் ஏத்துக்கிடுச்சு, அதனால நீங்க புதுசா கேஸ் போட வேண்டியதில்ல. அட்மிட் ஆகாத கம்பெனில இருந்துக்கிட்டு நாமளே திவால் கேஸ் போட்டா என்னன்னு கேட்டு நாலஞ்சு லெட்டர் வந்துச்சு. முன்னாடி 1 லட்சம் பாக்கி இருந்தா போதும், 2020 மார்ச் 24-லேர்ந்து அதை 1 கோடியா ஏத்திட்டாங்க. தனி ஆளா 1 கோடி சம்பள பாக்கி வரவேண்டியவர் இந்தக் கேள்வி பதிலைப் படிக்க மாட்டார். சங்கம் இருந்தா உறுப்பினர்கள் சார்பா சங்கமே போடலாம்னு 2019-ல ஒரு சணல் மில் கேஸ்ல சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கு, அந்த வழியை யோசிங்க.

*

கேள்வி: எங்க ஃபேக்டரி என்.சி.எல்.டி.க்குப் போய் 5 மாசம் ஆச்சு. ஆர்.பி. வந்து ஓட்டறார். எங்க யூனிட்ல 30 பேரை வந்து மெஷினைப் பாத்துக்கோங்கன்னார், மத்தவங்களை வீட்ல இருங்கன்னார். இந்த 5 மாச சம்பளம் யார் தருவா?
- ஓசூர் வாசகர்

பதில்: இதுக்கு நேரா ஒரு தீர்ப்பு இருக்கு. குஜராத்ல ஏ.பி.ஜி. ஷிப்யார்டுன்னு கப்பல் கட்ற கம்பெனி, அங்க தொழிலாளிங்க இதே கேள்வியோடதான் போனாங்க, 2022 ஏப்ரல்ல சுப்ரீம் கோர்ட் சொல்லிச்சு. ஆர்.பி., அதாவது ஐ.ஆர்.பி.க்கு அப்புறம் பொறுப்பு எடுக்கற தீர்வு நிபுணர், கம்பெனியை ஓட்டின காலத்துல யார் நெஜமா வேலை பாத்தாங்களோ அவங்க சம்பளம் மட்டும் நடவடிக்கைச் செலவுல சேரும், அதாவது வரிசைல எல்லாருக்கும் முன்னாடி, பேங்க்குக்கும் முன்னாடி. வேலை பாக்காதவங்களுக்கு அந்தக் காலத்துச் சம்பளம் செலவுல வராது, மத்த பாக்கி மாதிரி கீழ இருக்கற படில போய் நிக்கும். அதனால உள்ள போற 30 பேரும் தினமும் வந்ததுக்கு அத்தாட்சி வைங்க. பஞ்சிங் மெஷின் கரெண்ட் இல்லாம கிடக்கும், ஒரு நோட்டு போட்டு வந்த நேரம் போன நேரம் எழுதி செக்யூரிட்டிகிட்ட கையெழுத்து வாங்குங்க, வாரம் ஒருதடவை அந்தப் பக்கத்தை போட்டோ எடுத்து ஆர்.பி.க்கு மெயில் போட்டுடுங்க. அவர் பதில் போடலைன்னாலும் பரவாயில்ல.

வீட்ல இருக்கறவங்களுக்கு: பின்னாடி கம்பெனியைக் கலைக்கச் சொல்லி ஆர்டர் வந்துச்சுன்னா, லிக்விடேட்டர் (கம்பெனியைக் கலைச்சு சொத்தை விக்கறவர்) தொழிலைத் தொடர்ந்து ஓட்டினா ஒழிய, அந்த ஆர்டரே எல்லாருக்கும் வேலை நீக்க நோட்டீஸ் மாதிரின்னு சட்டம் சொல்லுது, தனியா லெட்டர் வராது. அந்தத் தேதியைக் குறிச்சு வைங்க, உங்க நோட்டீஸ் கணக்கு, நஷ்ட ஈடு கணக்கு எல்லாம் அங்கேர்ந்துதான் ஓடும்.

*

கேள்வி: சம்பளத்துல பி.எஃப். பிடிச்சாங்க, ஆனா பாஸ்புக்ல 14 மாசமா ஏறல. கிராஜுவிட்டியும் வரணும். இதுவும் அந்த வரிசைல நின்னு 40 பைசாவா?
- அம்பத்தூர் வாசகி

பதில்: இல்லம்மா. பி.எஃப்., பென்ஷன், கிராஜுவிட்டி நிதில உங்களுக்கு வரவேண்டிய காசு கம்பெனி சொத்துக் கணக்குலயே வராது, 36-வது பிரிவு அதை வெளிய எடுத்து வச்சிருக்கு. ஜெட் ஏர்வேஸ் கதை ஞாபகம் இருக்கா, 2019 ஏப்ரல் 17 ராத்திரியோட பறக்கறதை நிறுத்தினாங்க. அதுல ஊழியர்கள் விடாம மேல்முறையீடு போனதுல பி.எஃப்.பும் கிராஜுவிட்டியும் முழுசா தரணும்னு 2022 அக்டோபர்ல தீர்ப்பாயம் சொல்லிச்சு, கம்பெனியை வாங்க வந்தவங்க எதிர்த்துப் போனதை 2023 ஜனவரில சுப்ரீம் கோர்ட் தள்ளிடுச்சு. அவ்வளவும் ஜெயிச்சு, வாங்க வந்தவங்க பணத்தைக் கட்டாததால கடைசில 2024 நவம்பர் 7 அன்னிக்கு கம்பெனியையே கலைக்கச் சொல்லிட்டாங்க. அதனால சட்டம் நம்ம பக்கம்தான், ஆனா தீர்ப்பு வந்த அன்னிக்கே காசு வந்துடாது. கிராஜுவிட்டிக்குன்னு எல்.ஐ.சி. மாதிரி இடத்துல கம்பெனி நிதி போட்டு வச்சிருந்தா நிம்மதி, போடவே இல்லன்னா வாதாட வேண்டிவரும், ஆர்.பி.கிட்ட முதல்ல இதைக் கேளுங்க.

பி.எஃப்.க்கு ரெண்டு இடத்துல எழுதுங்க, ஆர்.பி.க்கும் பி.எஃப். ஆபீஸுக்கும். சிலிப்புல பிடிச்ச மாசமும் பாஸ்புக்ல ஏறாத மாசமும் பக்கத்துல பக்கத்துல ஒரே தாள்ல எழுதி. சம்பளத்துல பிடிச்சுட்டு கட்டாம வச்சுக்கறது நம்பிக்கை மோசடிக் குற்றம்னே சட்டத்துல இருக்கு. ஏற்கனவே கணக்குல ஏறின பணத்துக்கும் கம்பெனி திவாலுக்கும் சம்பந்தமே இல்ல, அது உங்க கணக்கு.

*

கேள்வி: க்ளெய்ம் தேதி முடிஞ்சு ரெண்டு மாசம் கழிச்சுத்தான் தெரியும். விட்டுடவா?
- ராணிப்பேட்டை வாசகர்

பதில்: விடாதீங்க, இன்னிக்கே அனுப்புங்க. 14 நாள் தாண்டினாலும் நடவடிக்கை ஆரம்பிச்சதுலேர்ந்து 90 நாள், இல்லன்னா புதுசா வாங்கறவங்ககிட்ட திட்டம் கேட்டு அழைப்பு விடற தேதி, இதுல எது பிந்தியோ அதுவரைக்கும் காரணம் எழுதி குடுக்கலாம். அதுவும் தாண்டினா ஆர்.பி. பரிந்துரை, தீர்ப்பாயம்னு சுத்தும். ஒரு தீர்வுத் திட்டத்தை தீர்ப்பாயம் ஒப்புக்கிட்டுதுன்னா அதுல இல்லாத பாக்கி அத்தோட செத்துதுன்னு 2021-ல சுப்ரீம் கோர்ட் சொல்லியாச்சு, அதுக்கப்புறம் நீங்க எங்க முட்டினாலும் திறக்காது. கம்பெனி கலைப்புக்குப் போச்சுன்னா லிக்விடேட்டர் திரும்ப ஒருதடவை 30 நாள் டைம் குடுத்து க்ளெய்ம் கேப்பார். அவர் மறுத்தா 14 நாளுக்குள்ள என்.சி.எல்.டி.ல அப்பீல், சென்னைல அது ராஜாஜி சாலைல இருக்கு.

*

கேள்வி: நான் இருந்தது ஒருத்தர் சொந்தமா நடத்தின ஜவுளிக்கடை, கம்பெனி இல்ல. அவர் கோர்ட்ல ஐபி போட்டுட்டாராம். எனக்கும் ஃபார்ம் டி-யா?
- மதுரை வாசகர்

பதில்: இல்லங்க, உங்களுக்கு அந்த 2016 சட்டம் இல்ல, அது கம்பெனிக்கும் எல்.எல்.பி.ங்கற வரையறுத்த பொறுப்பு கூட்டு நிறுவனத்துக்கும்தான். சொந்தக் கடை, பார்ட்னர்ஷிப் எல்லாம் இன்னும் 1920-ல வெள்ளைக்காரன் போட்ட மாகாண திவால் சட்டத்துலதான் ஓடுது, நம்ம ஊர்ல மஞ்சக் கடுதாசின்னு சொல்றது இதைத்தான். அதுலயும் வேலைக்காரங்க சம்பளத்துக்கு முன்னுரிமை இருக்கு, எவ்வளவுன்னு கேளுங்க, மனு போடறதுக்கு முந்தின நாலு மாசச் சம்பளத்துல 20 ரூபாய். இருபதுதான், முட்டை விட்டுப்போச்சோன்னு திரும்பப் படிக்காதீங்க. அதுக்கு மேல இருக்கறது கடன் குடுத்தவங்க கூட்டத்தோட கூட்டம். அதனால நீங்க ரெண்டு வேலையும் பண்ணணும், கோர்ட்ல உங்க பேரை கடன்காரர் பட்டியல்ல சேக்கச் சொல்லி மனு குடுங்க, மாவட்ட தொழிலாளர் ஆபீஸ்லயும் சம்பள பாக்கின்னு தனியா ஒரு மனு குடுங்க. இப்ப இருக்கற சம்பளச் சட்டத் தொகுப்புல கடை மூடினா 2 வேலை நாளுக்குள்ள கணக்கு முடிக்கணும், 3 வருஷம் வரைக்கும் க்ளெய்ம் பண்ணலாம்.

*

கேள்வி: அக்கா, நாங்க லண்டன்ல இருக்கோம். வீட்டுக்காரர் 5 வருஷமா வேலை பாத்த ரெஸ்டாரன்ட் கம்பெனி லிக்விடேஷன்ல போயிடுச்சு. இங்க அரசாங்கமே தருதாமே?
- ஈஸ்ட் ஹாம் வாசகி

பதில்: ஆமா, அதுதான் நமக்கும் அவங்களுக்கும் வித்தியாசம். அங்க ரிடன்டன்சி பேமென்ட்ஸ் சர்வீஸ்னு இருக்கு, நேஷனல் இன்சூரன்ஸ் நிதிலேர்ந்து குடுக்கறாங்க, கம்பெனி வித்து காசு வர்ற வரைக்கும் காத்திருக்க வேண்டியதில்ல. பாக்கிச் சம்பளம் 8 வாரம் வரைக்கும், எடுக்காத லீவு 6 வாரம் வரைக்கும், 2 வருஷம் முடிச்சிருந்தா ரிடன்டன்சி (வேலை போனதுக்கான நஷ்ட ஈடு), நோட்டீஸ் வருஷத்துக்கு ஒரு வாரம் (அதிகபட்சம் 12), அப்ப உங்க வீட்டுக்காரருக்கு 5 வாரம். எல்லாத்துக்கும் வாரத்துக்கு உச்சவரம்பு இருக்கு, 2025 ஏப்ரல் 6-லேர்ந்து ஒரு வருஷத்துக்கு அது 719 பவுன். லிக்விடேட்டர்கிட்ட கேஸ் நம்பர் கேட்டு வாங்கி ஆன்லைன்ல போடணும். நோட்டீஸ் காசு மட்டும் தனி விண்ணப்பம், அந்த 5 வாரம் முடிஞ்சப்புறம் போடணும், அதுக்குள்ள புது வேலை கிடைச்சு சம்பளம் வந்தா அதைக் கழிச்சுடுவாங்க. ரிடன்டன்சிக்கு 6 மாசம்தான் டைம். நோட்டீஸ் நாளெல்லாம் சும்மா இருந்தாதான் காசு வரும்னு யாராச்சும் சொன்னா நம்பி வேலை தேடாம இருக்காதீங்க, தேடினீங்களான்னும் கேப்பாங்க.

திருப்பூர் தங்கச்சிக்கு திரும்ப ஒரு வரி: ஃபார்ம் டி-ல கடைசிப் பக்கத்துல உறுதிமொழின்னு ஒரு கட்டம் இருக்கும், இடம், தேதி, கையெழுத்துன்னு. நிறைய பேர் அதைக் காலியா விட்டுட்டு அனுப்பி, அது திரும்பி வந்து, அதுலயே பத்து நாள் போயிடுது. மொதல்ல அங்க கையெழுத்து போட்டுட்டு அப்புறம் ஜெராக்ஸ் எடுங்க.